காமிராவும் ஒளியின் கணக்கும்

உயர்ந்த ரக டிஜிட்டல் காமிரா ஒன்றைப் புதிதாக வாங்கி, பெட்டியைப் பிரித்து, காமிராவையும் லென்ஸையும் பாட்டரியையும் சார்ஜரையும் கழுத்துப் பட்டையையும் மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்ட ஒருவர், அடுத்தபடியாகக் கையில் எடுப்பது அதன் விளக்கப் புத்தகத்தைத்தான். அந்தப் புத்தகமோ பல நூறு பக்கங்களுக்கு விரிவது. காமிராவின் பின்புறத் திரையில் தோன்றும் மெனுவோ ஒன்றைத் திறந்தால் அதற்குள் ஒன்பது என்று பெருகிக்கொண்டே போவது. இவ்வளவையும் மனப்பாடம் செய்துவிடத் துணிகிறவர் சில நாட்களிலேயே சோர்ந்து, மேலே உள்ள டயலை 'ஆட்டோ' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கருவி எடுக்கும் படத்துக்கும் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி எடுக்கும் படத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் காணோமே என்று மனம் வருந்துகிறார். அவருடைய உழைப்பிலும் ஞாபக சக்தியிலும் குறை ஏதும் இல்லை. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்ற ஆராய்ச்சிக்கு முன்னால், இந்த யந்திரம் அடிப்படையில் செய்கிற காரியம் என்ன என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அந்தக் காரியம் ஒன்றே ஒன்று. அது ஒளியை எண்ணுகிறது. காமிராவில் உள்ள ஒவ்வொரு டயலும், அதனுடன் விற்கப்படும் ஒவ்வொரு உபகரணமும், எண்ணப்படும் ஒளியின் அளவையோ அது வந்து சேரும் விதத்தையோ மாற்றுவதற்காகவே ஏற்பட்டவை என்பது மனத்தில் பதிந்துவிட்டால், மெனுவில் முக்கால் பங்கைத் திறந்தே பார்க்க வேண்டியதில்லை.

ஒளி, ஃபோட்டான் என்னும் தனித்தனிச் சிப்பங்களாக வருகிறது என்று 1905-ல் ஐன்ஸ்டீன் எடுத்துரைத்தார். சிலிக்கன் படிகத்தின் மீது ஒரு ஃபோட்டான் விழும்போது, அங்கே கட்டுண்டு கிடக்கும் எலெக்ட்ரான் ஒன்று விடுபடுகிறது. விடுபட்ட எலெக்ட்ரான்களைச் சிந்தாமல் சிதறாமல் ஓரிடத்தில் தேக்கி வைத்து, பிறகு வரிசையாக நகர்த்தி எண்ணிவிட முடியுமானால், அந்த இடத்தில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதும் தெரிந்துபோகும். இவ்வாறு தேக்கவும் நகர்த்தவும் வல்ல சி.சி.டி. என்ற சாதனத்தை 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இரு விஞ்ஞானிகள் கற்பனை செய்து உருவாக்கினார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-ல், பௌதிகத்துக்கான நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. இடையில் 1975-ல் கோடக் கம்பெனியின் பொறியியலாளரான ஸ்டீவன் சாஸன், வரிசைக்கு நூறு புள்ளிகளாக நூறு வரிசைகள் மட்டுமே கொண்ட ஒரு சி.சி.டி.யை வைத்து, கையில் தூக்கிச் செல்லக்கூடிய முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. இன்று நாம் வாங்கும் காமிராக்களில் பெரும்பாலும் சீமாஸ் என்ற வேறு வகைச் சென்சார் இருக்கிறது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட அந்தச் சிறு தகட்டில் 6000 பத்திகளும் 4000 வரிசைகளுமாக 240 லட்சம் பிக்சல்கள் அமைந்திருக்கின்றன என்றால், ஒவ்வொரு பிக்சலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு அகலமே உடையது என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளலாம்.

தூறல் விழும் நேரத்தில் வீட்டு முற்றத்தில் ஒரே அளவான கிண்ணங்களை நெருக்கமாகப் பரப்பி வைத்துச் சிறிது நேரம் கழித்து எடுத்தால், எல்லாக் கிண்ணங்களிலும் துளிகளின் எண்ணிக்கை சமமாக இராது. ஒன்றில் எட்டும், அடுத்ததில் பன்னிரண்டும், அதற்கடுத்ததில் பத்தும் விழுந்திருக்கும். நெடுநேரம் மழை பெய்தாலோ, வித்தியாசங்கள் இருந்துகொண்டே இருந்தாலும், மொத்தத்தோடு ஒப்பிடும்போது அவை அற்பமாகிவிடும். ஃபோட்டான்களின் வரவும் இதே விதிக்கு உட்பட்டது; எதிர்பார்க்கும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு ஏற்றத்தாழ்வு பிக்சலுக்குப் பிக்சல் இருந்தே தீரும். பத்தாயிரம் ஃபோட்டான்கள் வர வேண்டிய இடத்தில் நூறு கூடவோ குறையவோ வரும். அது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 625 வர வேண்டிய இடத்தில் ஏற்றத்தாழ்வு 25. அது நூற்றில் நான்கு பங்கு. இருட்டான அறையில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போலக் காணப்படும் புள்ளிகள், அந்தச் சொரசொரப்பு, பெரும்பாலும் ஒளியின் இந்த இயற்கையிலிருந்தே பிறக்கிறது. மேலும் விலை உயர்ந்த காமிராவை வாங்கினாலும் இது முற்றிலும் ஒழியாது.

இதைப் புரிந்துகொண்டவருக்கு, ஷட்டர், அபர்ச்சர், ஐ.எஸ்.ஓ. என்ற மூன்றின் உறவும் தானாகவே விளங்கிவிடும். முதல் இரண்டும் உள்ளே வரும் ஒளியை நிர்ணயிக்கின்றன. மூன்றாவது, வந்துவிட்ட ஒளியிலிருந்து கிடைத்த மின்சமிக்ஞையைப் பெருக்குகிறதே தவிர, ஒரு ஃபோட்டானைக்கூடப் புதிதாகக் கொண்டுவருவதில்லை. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-லிருந்து 1600-க்கு உயர்த்தி அதே பிரகாசமுள்ள படத்தை எடுக்கிறோம் என்றால், முன்பு பதினாறு பங்கு ஒளி வந்த இடத்தில் இப்போது ஒரு பங்கைத்தான் உள்ளே விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். மேலே சொன்ன பத்தாயிரம் 625 ஆகிவிட்டது. ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தியதால் படம் கெட்டது என்று கடைக்காரர் முதல் கல்யாணப் புகைப்படக்காரர் வரை எல்லோரும் சொல்வது வழக்கமாகிவிட்டது. கெட்டதற்குக் காரணம் ஒளியின் பற்றாக்குறை. ஆகவே பறவை ஒன்று சிறகடித்துப் பறக்கும்போது அதை அசைவின்றிப் பிடிப்பதற்கு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு வேண்டுமென்றால், ஐ.எஸ்.ஓ. எவ்வளவு உயர்ந்தாலும் தயங்காமல் உயர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். சொரசொரப்பான படத்தில் பறவையாவது இருக்கும். அசைந்து கலங்கிய படத்தில் அதுவும் இராது.

அபர்ச்சர் எண்களின் விசித்திரமான வரிசை, அதாவது 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போவது, புதிதாகக் கற்பவர்களை மிகவும் மிரட்டுகிறது. லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே இந்த எண். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ளது. எஃப் 4 என்றால் பன்னிரண்டரை. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணிதம்; எனவே 2-க்கும் 4-க்கும் இடையே 2.8 என்ற ஒரு படியை வைத்து, ஒவ்வொரு படியிலும் ஒளி சரிபாதியாகும்படி வரிசையை அமைத்திருக்கிறார்கள். எண் பெரிதாகும்போது துவாரம் சிறிதாகிறது, முன்னும் பின்னும் உள்ள பொருள்கள் அதிக ஆழத்துக்குத் தெளிவாகின்றன என்பதைப் பலரும் சீக்கிரமே தெரிந்துகொள்கிறார்கள். இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைத்தான் பலர் அறிவதில்லை. சிறிய துவாரத்தின் வழியே புகும் ஒளி அலை விளிம்புகளில் வளைந்து பரவுவதால், ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமையாமல் சிறு வட்டமாகிவிடுகிறது. ஏரி என்ற ஆங்கிலேய வானியலாளர் 1835-ல் இந்த வட்டத்தைக் கணித்துக் காட்டினார். பச்சை ஒளிக்கு எஃப் 5.6-ல் அதன் விட்டம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு, அதாவது நம்முடைய பிக்சலைவிடச் சற்றே பெரிது. எஃப் 16-லோ ஆயிரத்தில் இருபத்தொரு பங்கு, மூன்றரைப் பிக்சல் அகலம். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று துவாரத்தை மேலும் மேலும் சுருக்குகிறவர் ஒரு கட்டத்துக்கு மேல் படம் முழுவதையும் மங்கலாக்கிக்கொள்கிறார்.

ஷட்டரைப் பற்றி ஒரு விஷயம் மாத்திரம் சொல்லி மேலே போகலாம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தடவை திசை மாறிச் சுழல்வது; அதனால் குழல் விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்கி எரிகின்றன. விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் திறக்கும் ஷட்டர் இந்த ஏற்ற இறக்கத்தின் ஏதோ ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளுத்தும் ஒன்று இருண்டும் இருக்கும். ஓசையின்றி இயங்குவதாக விளம்பரம் செய்யப்படும் எலெக்ட்ரானிக் ஷட்டரிலோ சென்சாரின் வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்படுவதால், ஒரே படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகள் விழும். நூறில் ஒரு பங்கு அல்லது ஐம்பதில் ஒரு பங்கு விநாடியைத் தேர்ந்தெடுத்தால் ஏற்ற இறக்கம் முழுச் சுற்றாக அடங்கிவிடுவதால், இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும்.

இனி, காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானியின் குணத்தைச் சொல்ல வேண்டும். இங்கேதான் கற்பவர் தம் சொந்த அறிவைப் பிரயோகிக்க வேண்டியிருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் எருமை ஒன்று மேய்ந்துகொண்டிருக்க, அதன் முதுகின் மேல் உண்ணிக்கொக்கு ஒன்று அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எருமையின் கரிய முதுகு சட்டத்தை நிறைக்கும்படி நெருங்கி எடுத்தால், காமிரா அந்தக் கருமையை இருட்டு என்று கருதி, அதிக ஒளியை உள்ளே விட்டு, எருமையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். மேலே இருக்கும் கொக்கோ இறகின் சுவடே இல்லாமல் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கொக்கை மாத்திரம் சட்டம் நிறைய எடுத்தால், மிதமிஞ்சிய வெளிச்சம் என்று நினைத்து ஒளியைக் குறைத்து, கொக்கையும் அதே சாம்பல் நிறமாக்கும். ஏனெனில், எதிரில் உள்ள காட்சி தன் மீது விழும் ஒளியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் திருப்பியனுப்பும் நடுத்தரமான பொருள்களால் ஆனது என்ற அனுமானத்தில்தான் ஒளிமானி இயங்குகிறது. தான் பார்ப்பது கொக்கா எருமையா என்று அறிந்து தானே திருத்திக்கொள்ளும் காமிராக்கள் இப்போது வருகின்றனவென்றாலும், அவற்றின் தீர்ப்பை முழுவதும் நம்பிவிடலாகாது. கூட்டல் கழித்தல் குறிகள் இட்ட ஒரு பொத்தான் ஒவ்வொரு உயர்ந்த ரகக் காமிராவிலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. வெண்மையான பொருளுக்குக் கூட்டல் பக்கம் ஒரு படி, கரிய பொருளுக்குக் கழித்தல் பக்கம் ஒரு படி என்று திருப்பப் பழகிக்கொண்டவர், என்னைக் கேட்டால், காமிராவில் பாதியைக் கற்றுவிட்டார்.

கொக்கும் எருமையும் ஒரே படத்தில் வேண்டுமென்றால் என்ன செய்வது? கொக்கின் இறகுகள் வெளுத்துப் போகாதபடி ஒளியை அளந்து, எருமை இருண்டு விழுந்தாலும் விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். நிரம்பி வழிந்துவிட்ட பிக்சலிலிருந்து எதையும் மீட்க முடியாது. இருண்ட பிக்சலிலோ எண்ணப்பட்ட சில எலெக்ட்ரான்களாவது பத்திரமாக இருக்கும். வழிந்ததா இல்லையா என்று அறிய, திரையில் ஹிஸ்டோகிராம் என்ற மலைபோன்ற வரைபடத்தைத் தோன்றச் செய்து, அதன் வலது விளிம்பில் செங்குத்தாகக் கோடு ஏறி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். படத்தை 'ரா' கோப்பாகப் பதிவு செய்வதன் பயனும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பதினான்கு பிட் ரா கோப்பில் 16,384 படிகள். எருமையின் உடலில் உள்ள மயிரும் மடிப்பும் கண்ணுக்குத் தெரியும்படி பிறகு கணினியில் நிதானமாகத் தூக்கிவிடுவதற்கு இந்த நுண்ணிய படிகள்தாம் ஆதாரம்.

குவியத்தைப் பற்றி முன்பெல்லாம் நீண்ட அப்பியாசம் வேண்டியிருந்தது. இன்று கண்ணைக் கண்டுபிடித்துத் தொடரும் அளவுக்கு யந்திரம் தேறிவிட்டது. லென்ஸின் இடப்பாதி வழியாக வரும் ஒளியையும் வலப்பாதி வழியாக வரும் ஒளியையும் தனித்தனியே சென்சார் ஒப்பிட்டு, இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகியிருக்கின்றன, எந்தப் பக்கம் விலகியிருக்கின்றன என்பதைக் கொண்டு லென்ஸை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும் என்று ஒரே நொடியில் முடிவு செய்கிறது. நாம் சொல்ல வேண்டியது இரண்டுதான்: பொருள் நிற்கிறதா நகர்கிறதா என்பதும், சட்டத்தில் எது முக்கியம் என்பதும். நிற்கும் பொருளுக்குச் சிங்கிள், நகரும் பொருளுக்குக் கன்டினியுவஸ் என்ற இரண்டு முறைகளையும் ஒரு விரலால் மாற்றும்படி வைத்துக்கொள்வது நல்லது.

துணை உபகரணங்களில் முதலில் எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு, இரண்டாவது லென்ஸுக்கு முன்னால் உறுதியான முக்காலி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் தயங்காமல் சொல்வேன். முக்காலி நேரத்தைத் தருகிறது; நேரம் ஒளியைத் தருகிறது. குறைந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. 100-லேயே இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று ஷட்டரைத் திறந்து வைக்க அது ஒன்றே வழி. லென்ஸிலும் சென்சாரிலும் அமைந்திருக்கும் நடுக்கத் தடுப்பு நம் கையின் நடுக்கத்தைத்தான் ஈடுசெய்யுமே தவிர, நீண்ட நேரத்துக்கு முக்காலியின் ஸ்தானத்தை அது வகிக்க முடியாது. விரலால் பொத்தானை அழுத்தும் அதிர்ச்சிகூடப் படத்தைக் கலக்கும் என்பதால், முக்காலியில் வைத்தபின் இரண்டு விநாடித் தாமத டைமரையோ ரிமோட்டையோ உபயோகிக்க வேண்டும்.

ஃபிளாஷ் விளக்கைப் போல வாங்கிய கையோடு வெறுக்கப்படும் உபகரணம் வேறில்லை. சரியாகக் கற்றுக்கொண்டால் அதைப் போல உதவுவதும் வேறில்லை. திருமண மண்டபத்தில் மேடையை நோக்கி ஃபிளாஷை நேராக அடித்தால், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒளியில் கால் பங்குதான் நான்கு மீட்டர் தூரத்தில் நிற்பவருக்குக் கிடைக்கும். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைவதே காரணம். மணமகனின் தோழர்கள் வெளுத்துப்போகவும் மணமக்கள் மங்கிப்போகவும் நேர்வது இதனால்தான். ஃபிளாஷின் தலையை மேலே திருப்பி வெண்மையான கூரையில் அடித்தால், கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகி, எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே தூரத்திலிருந்து மென்மையாக ஒளியைப் பொழிகிறது. கூரை பச்சையாகவோ நீலமாகவோ பூசப்பட்டிருந்தால் முகங்களும் அந்த நிறத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கவனித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று: இந்த வகைக் காமிராக்களின் ஷட்டர் இரண்டு திரைகளால் ஆனது. முதல் திரை திறந்துகொண்டே போக, இரண்டாவது பின்தொடர்ந்து மூடிக்கொண்டே வரும். விநாடியில் இருநூறில் அல்லது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வரைதான் சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமானால் இரு திரைகளுக்கும் நடுவே ஒரு பிளவு மட்டுமே நகர்ந்து செல்லும். ஃபிளாஷ் ஒளியோ ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் மின்னி மறைந்துவிடுவது. பிளவு நின்ற பகுதியில் மாத்திரம் ஒளி விழுந்து, படத்தின் மற்றப் பகுதி கறுத்துப்போகும். காமிராவின் குறிப்பேட்டில் ஒத்தியங்கு வேகம் என்று ஓர் எண் கொடுக்கப்பட்டிருப்பதன் தாத்பரியம் இதுதான்.

லென்ஸின் முகப்பில் திருகிக்கொள்ளும் போலரைசர் ஃபில்டர், கணினியில் பிறகு செய்துவிட முடியாத ஒரு காரியத்தைச் செய்கிறது. 1808-ல் பாரிஸில் லக்ஸம்பர்க் அரண்மனையின் ஜன்னல் கண்ணாடியில் பிரதிபலித்த மாலைச் சூரியனை ஒரு படிகத்தின் வழியே நோக்கிய மாலுஸ் என்ற விஞ்ஞானி, படிகத்தைத் திருப்பத் திருப்பப் பிம்பத்தின் பிரகாசம் மாறுவதைக் கண்டார். பிரதிபலித்த ஒளியின் அதிர்வு ஒரு தளத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பது அதனால் வெளிப்பட்டது. குளத்தின் நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 பாகைச் சாய்வில் பார்த்து ஃபில்டரைத் திருப்பினால், மேலே மினுங்கும் வானம் அழிந்து, அடியில் உள்ள படிக்கட்டும் மீனும் தெரியும். உலோகத்தின் பளபளப்புக்கு இது பலிக்காது. ஒளியில் பாதிக்கு மேல் இது விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கடற்கரை ஊர்களில் வசிப்போர் இவை எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதவேண்டியது ஈரம். லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவே பூஞ்சை படர்ந்துவிட்டால், அதன் இழைகள் மேற்பூச்சை அரித்து மீளாத தழும்பை உண்டாக்கும். காற்றுப் புகாத டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் மணிகளோடு லென்ஸை வைத்து, நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறும்போது வாணலியில் மிதமாக வறட்டி ஈரத்தைப் போக்கி மறுபடி உபயோகிப்பது சிக்கனமான பாதுகாப்பு. குளிர்சாதன அறையிலிருந்து புழுக்கமான வெளிக்கு வரும்போது காமிராவைப் பையைவிட்டு உடனே எடுக்காமல், உள்ளேயே சற்று நேரம் வெதுவெதுப்பாகவிட்டு எடுத்தால், கண்ணாடியில் பனி படிவதைத் தவிர்க்கலாம்.

பயிற்சிக்கு ஒரே ஒரு லென்ஸ் போதும். வீட்டு வாசற்படி, துளசி மாடம், மிதிவண்டி என்று அசையாத ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, முக்காலியில் காமிராவை நிறுத்தி, அபர்ச்சரை 2.8-லிருந்து 16 வரை ஒவ்வொரு படியாக மாற்றிக்கொண்டே போகலாம். பிறகு அபர்ச்சரை நிலையாக வைத்து, ஐ.எஸ்.ஓ.வை மாத்திரம் ஏற்றிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கோப்பிலும் எந்த லென்ஸ், எந்த எண், எவ்வளவு நேரம் என்ற விவரங்களைக் காமிராவே எழுதி வைத்துவிடுவதால் நோட்டுப் புத்தகம் தேவைப்படாது. கணினியில் இரண்டு படங்களை அருகருகே முழு அளவில் விரித்து, நிழலான மூலையில் சொரசொரப்பு எங்கே ஆரம்பிக்கிறது, விளிம்பின் கூர்மை எந்த எண்ணுக்குமேல் குன்றுகிறது என்று பார்த்துக்கொண்டால், நம் கையில் உள்ள அந்தக் குறிப்பிட்ட காமிராவின் எல்லைகள் நமக்குத் தெரிந்துவிடும். வாங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிடுவது நலம். வெளியூர்ப் பயணமும் கல்யாணமும் அதற்குப் பிறகு வரட்டும்.